அப்பா மறந்த கேமரா

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ "சாப்பிட்டியா?" என்றாய். நான் "ம்" என்றேன். "படிச்சியா?" என்றாய். அதற்கும் "ம்" என்றேன். "என்னடி, எதைக் கேட்டாலும் ம்முங்கிற?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உனக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், நம் முறை முடிந்துவிட்டது. ஒரு தீவுக்கே ஒரு ஃபோன், அதுவும் வாரத்தில் ஒரு நாள், அதிலும் வரிசை என்றால் எனக்குப் பேச்சு வராது அம்மா. நான் பேசத் தொடங்கவே நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அதனால் இனிமேல் எழுதப்போகிறேன். எழுதும்போது யாரும் பின்னால் நின்று இரும மாட்டார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓடவைக்கிற அப்பா, கருவிப் பையோடு நான்கு மாடி ஏறி வருகிறார். இது வேறு கம்பெனி லிஃப்டாம், அவர் தொட்டால் வம்பாகிவிடுமாம். கீழ்வீட்டுத் தையல் அத்தை தினமும் வாசலில் நின்று, "என்ன தம்பி, இன்னைக்கும் நடராஜா சர்வீஸ்தானா?" என்று கேட்கிறார். அப்பா தினமும் சிரிக்கிறார். நான்காம் மாடி வந்ததும் சிரிப்பு இருப்பதில்லை. மூச்சு வாங்குவதால் இருக்கலாம்.

நீ விட்டுப்போன இரண்டு பெட்டிகளையும் பிரித்துவிட்டேன். பெரிய கேமராவுக்கு யானை என்றும் சின்னதற்கு அணில் என்றும் பெயர் வைத்திருக்கிறேன். யானையைத் தோளில் தூக்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். அப்பா ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பிடிக்கவில்லை, கேமராவைப் பிடித்தார். "உனக்கு அடிபட்டா மருந்து போட்டுக்கலாம். இது இரவல் சாமான்" என்றார். அணில் என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. அதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது.

நீ எடுக்கப்போகிற வானிலை நிலைய ஆவணப்படத்துக்கு இரண்டில் எது சரி என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றாய். எப்படிச் சோதிப்பது என்று சொல்லாமலே படகு ஏறிவிட்டாய். நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எண்கள்தான் இருக்கின்றன. அந்த எண்களை வைத்துப் பார்த்தால் யானைதான் எல்லாவற்றிலும் முதல். ஆனால் எண்கள் போதுமென்றால் நீ என்னிடம் கேட்டிருக்க மாட்டாய் அல்லவா?

உன் அறைக் கதவை அப்பா மூடிவைக்கிறார். நான் திறந்துவைக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

உன் அன்பு மகள்,
பூச்சி

(புத்தகப் பூச்சி என்று முழுவதும் எழுதியிருப்பேன். உன் தீவில் யாராவது படித்துவிட்டால் எனக்கு அவமானம்.)


ஜூன் 13

என் பூச்சிக்கு,

உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து இறங்கியது. இங்கே வாரம் ஒரு படகுதான். காய்கறி, டீசல், தபால் எல்லாம் அதில்தான் வரும். சமையல்காரர் கடிதத்தைச் சட்டையில் துடைத்துக் கொடுத்து, "உங்க வீட்டுக் காகிதம். கொஞ்சம் மண் வாசனை அடிக்கும், பொறுத்துக்குங்க" என்றார். மூன்று முறை படித்துவிட்டேன். நீ ஃபோனில் பேசாததெல்லாம் அதில் இருந்தது.

இங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள். காற்றை அளக்கிறார்கள், மழையை அளக்கிறார்கள், விடிந்ததும் ஒரு பெரிய வெள்ளை பலூனை விட்டு அது போகிற திசையைக் குறித்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஐந்து பேரும் ஐந்து பக்கம். சண்டையெல்லாம் இல்லை. ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். நான் எடுக்க வந்தது இதைத்தான். ஆனால் கையில் கேமரா இல்லாமல் வந்திருக்கிறேன். எந்தக் கேமராவையும் முதலில் இவர்களிடம் காட்டிச் சோதிக்க எனக்குப் பயம். ஒருமுறை மனிதர்கள் விறைத்துக்கொண்டால், அப்புறம் அந்த விறைப்புதான் படம் முழுவதும் இருக்கும். அதனால்தான் சோதனையை வீட்டில் வைத்தேன்.

நல்ல கேமரா எது என்று கடைக்காரரைக் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். நான் கேட்பது வேறு. எதை எதிரே வைத்தால் மனிதர்கள் அது இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்? இதை மட்டும் எனக்குக் கண்டுபிடித்துச் சொல். யானையை ஒரு வாரம் வீட்டில் வை, பிறகு அணிலை ஒரு வாரம் வை. அழகாக எடுக்க முயலாதே. ஓரமாக வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

ஆனால் யாரையும் தெரியாமல் எடுக்கக் கூடாது. "இங்க கேமரா ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எடுத்த பிறகு அவர்கள் "இது வேண்டாம்" என்றால், அது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வேண்டாம்தான். முகம் அவர்களுடையது. மற்றபடி எதையும் வெட்டாமல் மெமரி கார்டை அப்படியே அனுப்பு, இங்கே கணினியில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை கடைசிப் படகில் என் முடிவு போயாக வேண்டும். படத்துக்குப் பணம் தருகிற அம்மாள் அதற்கு மேல் பொறுக்க மாட்டாள்.

கதவைத் திறந்தே வை. அப்பாவிடம் சண்டை போடாதே.

அன்புடன்,
அம்மா


ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

யானைச் சோதனை முடிந்தது. கார்டு இதனுடன் இருக்கிறது. நீ பார்ப்பதற்கு முன் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

யானையைச் சமையலறை மூலையில் முக்காலியில் நிறுத்தி, "அப்பா, இங்க கேமரா ஓடுது. நீங்க பாட்டுக்கு இருங்க" என்றேன். "நான் பாட்டுக்குத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார். தேநீரைச் சாஸரோடு குடித்தார். நம் வீட்டில் சாஸர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்று காலை ஒரு வணிக வளாகத்தில் பழுதடைந்த மின்தூக்கியைச் சரிசெய்தேன்" என்றார்.

"யாருக்குப்பா சொல்றீங்க?"

"அதுக்குத்தான்" என்று யானையை நோக்கி ஒரு பெரிய மனிதரைக் காட்டுவது போலக் கை நீட்டினார்.

"அது கேக்கலையே."

"கேக்காட்டியும் சொல்லணும். சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நான்காம் நாள் சற்றுப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். அன்று யானை வேறு விதமாகக் காட்டிக்கொடுத்தது. அதற்குள் ஒரு குட்டி விசிறி ஓடுகிறது. எனக்கு அது கேட்கவே இல்லை. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சாப்பிடும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேரிங் தேஞ்சிருக்கும் போல. பிரிச்சுப் பாத்துடட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன்.

தையல் அத்தை கடைக்கும் கொண்டுபோனேன். யானையைக் கண்டதும் அத்தை மெஷினை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "உக்காந்து தைக்கலாமா, நின்னுக்கிட்டே தைக்கணுமா?" என்று கேட்டார். விளையாட்டாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஆனால் யானையின் படம் அழகு அம்மா. ஜன்னல் வெளிச்சம் தட்டில் விழுந்து அப்பாவின் தாடையில் ஏறுகிறது. அவருடைய காதோரம் நரைத்திருப்பதை அதில்தான் பார்த்தேன். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், கவனித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்பா வருவதாக இருந்தார். மருத்துவமனை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதென்று ஆள் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியுமா? வகுப்பாசிரியை, "அம்மா எங்கம்மா?" என்றார். "படம் எடுக்கப் போயிருக்காங்க மிஸ்." "அப்படியா! யாரு ஹீரோ?" "காத்து மிஸ்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

உன் அன்பு மகள்,
பூச்சி


ஜூலை 1

என் பூச்சிக்கு,

சாஸரைப் பார்த்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது எங்கள் திருமணத்துக்கு வந்த பரிசு. இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூட அதில் கொடுத்ததில்லை உன் அப்பா.

பெற்றோர் கூட்டத்துக்கு நான் இருந்திருக்க வேண்டும். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

யானையை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே. இங்கே பாதி நாள் மூடுபனி. அந்த மங்கலில் யானைக்குக் கண் தெரியும், அணிலுக்குத் தெரியாது. காற்று அடித்தால் யானை அசையாமல் நிற்கும், அணிலைப் பிடித்திருக்கிற என் கையே ஆடும். சேனல்காரர்களுக்கும் யானையின் படம்தான் பிடிக்கும். ஆனால் யானையைத் தோளில் வைத்தால் என் முகத்தில் பாதி மறைந்துவிடுகிறது. எதிரே இருப்பவர் என் ஒரு கண்ணோடும் ஒரு கண்ணாடிச் சில்லோடும் பேச வேண்டியிருக்கும். அணிலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டால் என் முகம் முழுவதும் அவருக்கு இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து எனக்கே அலுத்துவிட்டது.

இங்கே ஒரு ரேடியோக்காரர் இருக்கிறார். தினமும் மாலை கரைக்கு அன்றைய எண்களைச் சொல்வார். காற்று இவ்வளவு, மழை இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு. எதிர்ப்பக்கம் "சரி" என்று சொல்லி முடித்துவிடும். இவர் மட்டும் மைக்கைக் கீழே வைக்காமல் சற்று நேரம் வாயருகிலேயே பிடித்திருப்பார். வேறு ஏதாவது கேட்பார்களா என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். யாரும் கேட்பதில்லை. பிறகு வைத்துவிடுவார். நான் பார்ப்பது தெரிந்தால் உடனே வைத்துவிடுகிறார். அந்தக் கணத்தை எந்தக் கேமரா எடுக்குமோ அதுதான் என் கேமரா.

நிலையத் தலைவர் நேற்று, "உங்க வீட்டுல உங்களைத் தேட மாட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "நல்லா இருக்கோம்னுதான் சொல்றாங்க" என்றேன். அவர் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அணிலை எடு.

அன்புடன்,
அம்மா


ஜூலை 9

அன்புள்ள அம்மாவுக்கு,

அணில் ஜெயித்துவிட்டது! சந்தேகமே இல்லாமல் ஜெயித்துவிட்டது.

பருப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில் வைத்தேன். முதல் நாள் அப்பா வழக்கம்போலத் தலை வாரினார். இரண்டாம் நாள் "ஓடுதா?" என்று கேட்டார், ஆனால் சாஸர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்ன செய்தார் தெரியுமா? மாலை வேலைக்குக் கிளம்பும்போது குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அதன் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் வெறும் துண்டுதான் ஓடுகிறது. அதையும் வெட்டாமல் அனுப்பியிருக்கிறேன். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

தையல் அத்தை இன்னும் மோசம். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே அணில் முன்னால் ஒரு வாடிக்கையாளரைத் திட்டித் தீர்த்தார். "இடுப்பு ஏறிப்போச்சுன்னு சொன்னா என் டேப்பு சரியில்லங்கிறா. டேப்பா போய்ச் சாப்பிட்டுச்சு?" நான் சிரித்ததும்தான் அத்தைக்கு நினைவு வந்தது. "அடிப்பாவி, இது ஓடிக்கிட்டா இருந்துச்சு?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "இருக்கட்டும், உங்கம்மா பாக்கட்டும். அவளுக்கும் அளவெடுத்து ரொம்ப நாளாச்சு" என்றார். அத்தைக்குச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அணிலைச் சமையலறையிலிருந்து நடைக்கு மாற்றினேன், கைகழுவும் தொட்டிக்கு எதிரே. "அப்பா, இன்னைக்கு இங்க ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். (அந்த "ம்" எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?) பிறகு நான் பால் வாங்கக் கீழே போனேன். உன் ஃபோன் வருவதற்குச் சற்று முன்னால்.

அந்த நேரத்தில் எடுத்த ஒரு படத் துணுக்கை மட்டும் இந்தக் கார்டில் அனுப்பவில்லை. அதில் அப்பா தனியாக இருக்கிறார். நான் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன், ஆனால் அவர் மறந்துவிட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீ எழுதியிருந்தாய். வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பயப்படும்படி ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே. மற்ற எதிலும் நான் கை வைக்கவில்லை.

யானையைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்திருந்தது அம்மா. உனக்கு ஒரு உபயோகமான வேலை செய்தேன் என்று இருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

உன் அன்பு மகள்,
பூச்சி


ஜூலை 17

என் பூச்சிக்கு,

ஈரத் துண்டையும் பார்த்தேன், ஒரு மணி நேரமும் பார்த்தேன். நடுவில் நீ பள்ளியிலிருந்து வருகிற சத்தம் கேட்கிறது. பையை வைக்கிறாய். "வந்துட்டேன்" என்கிறாய். வீட்டில் அப்போது யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ செய்தது நல்ல வேலை. என்னோடு வேலை செய்த பெரியவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் சோதித்ததில்லை. விடை நீ அனுப்பிய கார்டில் இல்லை, நீ அனுப்பாத துணுக்கில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரு கேமரா எடுத்ததை மற்றவருக்குக் காட்ட ஒருவர் தயங்குகிறார் என்றால், அது உண்மையான எதையோ பார்த்துவிட்டது. எனக்கு வேண்டியது அந்தக் கேமராதான்.

இனி நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். சரியாகக் கேள்.

யானை என்றால் நான் தனியாக எடுக்க முடியாது. கேமராவுக்கு உதவியாக ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று என்னோடு மூன்று பேர். அத்தனை பேரை இந்தத் தீவில் நெடுநாள் வைத்துச் சமாளிக்க வழியில்லை. அவர்கள் வந்த இருபது நாளில் எடுத்து முடித்து, அவர்களோடு நானும் வீட்டுக்கு வந்துவிடுவேன். அணில் என்றால் நான் மட்டும் போதும். ஆனால் ஒருத்தியாக எடுப்பதற்குக் காலம் வேண்டும். ஒரு மழை, ஒரு வெயில், இவர்களில் ஒருவர் பணி முடிந்து போய்ப் புதியவர் வருவது, எல்லாம் வேண்டும். ஒரு வருடம், பூச்சி. நடுவில் வர முடியாது.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும். சோதிக்கிறவருக்கு ஒரு விடை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், கண் அந்த விடையைத்தான் பார்க்கும். அதனால் சொல்லவில்லை.

என் மனம் அணில் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. யானையை வரவழைத்துவிடுகிறேன். ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா


ஜூலை 22

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சோதனையில் எலியைச் சேர்த்துக்கொள்ளும்போது அதனிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று அறிவியல் புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

வார்த்தையை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று எழுதினால் படம் கெட்டதற்கு நான் காரணம். எழுதாவிட்டால் நீங்கள் வராததற்கு நான் காரணம்.

பதில் அடுத்த படகில் வரும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்


ஜூலை 29

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதத்தில் உன்னை "நீங்கள்" என்று எழுதிவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட உடனே கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். மணிக்கட்டு வரைதான் போயிற்று. தபால்காரர் வந்து, "என்ன பாப்பா, கடுதாசி திரும்பக் கேக்குதா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் படிக்காத மாதிரி விட்டுவிடு. மற்றதெல்லாம் நான் நினைத்துத்தான் எழுதினேன்.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு நான் அனுப்பாத அந்தத் துணுக்கை அப்பாவிடம் காட்டுவது என்று முடிவு செய்தேன். எந்தக் கேமரா என்றால் எத்தனை நாள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நீ சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாயாம். அவர் சொல்லவே இல்லை பார். ஈரத் துண்டைக்கூட அவர் மறந்துதான் போட்டாரா என்று நான் இப்போது சந்தேகப்படுகிறேன்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அணிலை அவர் கையில் கொடுத்தேன். "அப்பா, இது நீங்க. நான் சொல்லிட்டுத்தான் வெச்சேன். நீங்க மறந்துட்டீங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில், "என்னம்மா, பின்னால முடி இவ்வளவு கொட்டிப்போச்சா?" என்றார். பிறகு இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார்.

"இதை அம்மாவுக்கு அனுப்பலாமாப்பா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"வரணும்னு தோணினா அவளா வரட்டும். என்னைப் பாத்துப் பாவப்பட்டு வரக் கூடாது."

"எழுதலாமா?"

அவர் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவிவைத்தார். திரும்பி வந்து, "எழுதிக்கோ. படம்னா அதுல நான் நிப்பேன். எழுத்துன்னா நீதானே நிப்ப" என்றார். "ஆனா ஒண்ணு. கடைசியில நான் சொல்றதையும் எழுதணும்." சரி என்று சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அப்பா நடைக்கு வருகிறார். கைகழுவும் தொட்டிக்கு மேலே இருக்கிற கண்ணாடி முன்னால் நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுக்கிறார். தலை வாரப்போகிறார் என்று நினைத்தேன். வாரவில்லை. சீப்பைக் காதில் ஃபோன் மாதிரி வைத்துக்கொள்கிறார். "நாங்க நல்லா இருக்கோம். நீ வேலையைப் பாரு" என்கிறார், சத்தமாக. தலையை ஆட்டிக்கொண்டு, "சே, சண்டைக்குப் போற மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மறுபடியும் "நாங்க நல்லா இருக்கோம்" என்று தொடங்குகிறார். பாதியில் குரல் இறங்கிவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை சொல்கிறார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு சொல்கிறார். "ம், இது" என்கிறார்.

அந்த மூன்றாவதுதான் அன்று உனக்கு ஃபோனில் வந்தது. நான் பாலோடு பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஆனால் கண்ணாடி முன்னால் சொல்லி முடித்த பிறகும் அவர் சீப்பைக் கீழே வைக்கவில்லை அம்மா. காதிலேயே வைத்திருக்கிறார், உன் ரேடியோக்காரர் மாதிரி. நீ வேறு ஏதாவது கேட்பாய் என்று பார்க்கிறாரோ என்னவோ. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும்தான் சீப்பைப் பையில் போடுகிறார்.

நீ தீவு வரைக்கும் தேடிப்போன கணம் நம் வீட்டுத் தொட்டிக்கு மேலேயே இருந்தது. அணில்தான் எடுத்தது. யானையாக இருந்திருந்தால் அப்பா "நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்று தூய தமிழில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதனால் எந்தக் கேமரா என்று கேட்டால், சோதித்தவளாக நான் சொல்ல வேண்டியது அணில்தான். எனக்கு வேறு விடை வேண்டும் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்ற வார்த்தையையும் எழுத மாட்டேன். நீ கேட்ட வேலை அதோடு முடிந்தது.

முடிவை நீதான் எடுக்க வேண்டும். இந்தக் கடிதம் வருகிற படகில்தான் உன் முடிவும் திரும்பிப் போக வேண்டும் என்று தெரியும். மூட்டைகளை இறக்குகிற வரைக்கும் படகு நிற்கும் அல்லவா? சமையல்காரரிடம் சொல்லி, முதலில் கடிதத்தை எடுக்கச் சொல். உருளைக்கிழங்கு காத்திருக்கட்டும்.

நம் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. அப்பா முதல் நாள் அதில் ஏறவில்லை, பழக்கத்தில் படியேறி வந்துவிட்டார். நான் பள்ளி விட்டு வந்ததும் இப்போதும் "வந்துட்டேன்" என்று சொல்கிறேன். அணிலையும் பெட்டியில் வைத்துவிட்டதால் அது யாருக்கும் கேட்காது.

அப்பா கடைசியில் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ கிளம்பி வந்துவிடக் கூடாது.

அதைச் சொன்னது அப்பா. நான் சொல்லவில்லை.

உன்
பூச்சி